டேப்ரெக்கார்டர் யார் வசம்? ருவாண்டா வானொலிப் பரிசோதனையும் சமாதானத்துக்கான படைப்புப் பொருளாதாரமும்

ருவாண்டாவில் 2004-05இல் ஒரு வானொலி நாடகத்தை வைத்து நடந்த பரிசோதனை, படைப்புத் தொழில்கள் சமாதானத்துக்கு உதவும் என்பதற்கான முதன்மைச் சான்றாக நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. நாடகம் கேட்டவர்களின் மனம் மாறியது, மனம் மாறியதால் பகை தணிந்தது என்பது அந்த எடுத்தாள்கையின் சாரம். ஆனால் அப்பரிசோதனையின் மூலக் கட்டுரையோ, நேயர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகளை நாடகம் பெரிதாக அசைக்கவில்லை என்று தன் சுருக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. மாறியவை வேறு. எவை மாறின, அந்த மாற்றத்தை எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு இதுவரை தரப்பட்ட விடைகள் எனக்கு நிறைவளிக்கவில்லை. பரிசோதனையின் கடைசி நாளில் ஊருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட டேப்ரெக்கார்டரைப் பற்றிய பதிவு, பலரும் அடிக்குறிப்பாக மட்டும் கருதிய பதிவு, உண்மையில் அதன் மையம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்த மறுவாசிப்புக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. 2021ஆம் ஆண்டை நிலைத்த வளர்ச்சிக்கான படைப்புப் பொருளாதாரத்தின் பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரில் அறிவித்தது. அதையொட்டிப் பெருகிய எழுத்துகளில், போர் கண்ட நாடுகளுக்கு இசை, திரைப்படம், செயலி, கைவினை ஆகியவை தரக்கூடியவை இரண்டு வகையாகச் சொல்லப்படுகின்றன. வேலையும் வருமானமும் இளைஞர்களை ஆயுதக் குழுக்களிடமிருந்து விலக்கும் என்பது ஒன்று. கதையும் பாட்டும் எதிர்த்தரப்பின்மீது பரிவை வளர்க்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முற்றிலும் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மிடம் இருப்பவற்றில் மிக வலுவான சான்று இவ்விரண்டையும் தாங்கவில்லை. மூன்றாவதாக ஒன்றைத் தாங்குகிறது.

1. பரிசோதனை

'முசெகெவெயா' என்ற நாடகத்தை நெதர்லாந்தைச் சேர்ந்த ரேடியோ லா பெனவலென்சியா என்ற தொண்டு நிறுவனம், ருவாண்டா எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கொண்டு 2004இல் தொடங்கியது. வாரந்தோறும் அரசு வானொலியில் ஒலிபரப்பாயிற்று. கதையில் புமன்ஸி, முஹுமுரோ என்று இரண்டு கற்பனை ஊர்கள். நிலத்துக்குத் தட்டுப்பாடு, ஆள்வோர் ஓர் ஊருக்குக் காட்டும் சலுகை, அதனால் மூளும் பொறாமை, பதவி ஆசை கொண்டவர்களின் தூண்டுதல், தாக்குதல், ஊர் பெயர்தல் என்று கதை செல்கிறது. இரு ஊர்களையும் சேர்ந்த பத்தமுரிஸா, ஷேமா இருவரின் காதல் அதனூடே ஓடுகிறது. ஹூட்டு, டுட்ஸி என்ற இனப் பெயர்கள் ஓரிடத்திலும் வருவதில்லை. இன அடையாளத்தைப் பற்றிப் பொதுவில் பேசுவதே சட்டச் சிக்கலாகிவிட்ட நாட்டில், இரண்டு ஊர்களின் பகை எதைக் குறிக்கிறது என்பதை நேயர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உளவியலாளர் எலிசபெத் லெவி பலக் வடிவமைத்த பரிசோதனையில் பத்துக்கும் மேற்பட்ட சமூகங்கள் இடம்பெற்றன. பொதுவான ஊர்கள், 1994 இனப்படுகொலையில் தப்பியோர் வாழும் குடியிருப்புகள், ட்வா மக்களின் குடியிருப்புகள், சிறைகள் என்று பல வகை. ஒத்தவற்றை இணையாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒரு பாதிக்கு 'முசெகெவெயா', மறுபாதிக்கு உடல்நலம் பற்றிய வேறொரு வானொலித் தொடர் என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். ஒவ்வோர் இடத்திலும் 40 பேர் அளவிலான குழு. மாதம் ஒருமுறை ஆய்வுக் குழுவினர் வந்து, நான்கு வாரப் பகுதிகளைக் கேசட்டில் போட, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். ஓராண்டு இப்படிக் கழிந்தது. 2009இல் முடிவுகள் வெளியாயின.

வன்முறை எப்படிப் படிப்படியாக வளர்கிறது, வேடிக்கை பார்ப்பவர்களின் பங்கு என்ன என்பன போன்ற, நாடகம் கற்பிக்க முனைந்த செய்திகளில் இரு தரப்புக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதே வேளையில் கலப்புமணம், நம்பிக்கை வைத்தல், மாறுபட்ட கருத்தை வாய்விட்டுச் சொல்லுதல் ஆகியவற்றில் எது முறை என்ற கணிப்பு மாறியிருந்தது. ஒருவர் சொல்வதோ செய்வதோ எனக்கு உடன்பாடில்லையென்றால் நான் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்ற கூற்றை, 'முசெகெவெயா' கேட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மறுத்தார்கள். எது உண்மை என்று ஒருவர் கருதுவதைவிட, எது செய்யத்தக்கது என்று அவர் கருதுவதே அசைந்தது.

பிறகு வந்தது டேப்ரெக்கார்டர். பரிசோதனை நிறைவுற்றபோது ஒவ்வொரு குழுவுக்கும் கைக்கடக்கமான ஒரு ஸ்டீரியோ டேப்ரெக்கார்டரும் ஒரு கேசட் தொகுப்பும் பொதுப் பரிசாகத் தரப்பட்டன. இவற்றை யார் வைத்துக்கொள்வது, எப்படிப் பகிர்வது என்பதைக் குழுவே முடிவுசெய்ய வேண்டும். ஆய்வாளர்கள் ஒதுங்கி நின்று அந்தப் பேச்சைக் குறித்துக்கொண்டார்கள். உடல்நலத் தொடர் கேட்ட குழுக்களில் உள்ளூர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பெரும்பாலும் சட்டென ஒத்துக்கொண்டார்கள். 'முசெகெவெயா' கேட்ட குழுக்களில் அந்த யோசனைக்கு மறுப்பு எழுந்தது, பேச்சு நீண்டது, குழுவே கூட்டாகப் பொறுப்பேற்பது என்ற முடிவுகள் அதிகம் வந்தன. பலக்கும் டொனால்ட் கிரீனும் சேர்ந்து எழுதிய இன்னொரு 2009 கட்டுரை இதைத் தனியே எடுத்து ஆராய்கிறது.

2. இரண்டு வாசிப்புகள், இரண்டின் போதாமை

முதல் வாசிப்பு மேலே சொன்ன மனமாற்ற வாசிப்பு. அதன் ஆதரவாளர்கள் நம்பிக்கை மாறவில்லை என்ற முடிவை ஒரு தற்காலிகக் குறையாகக் கருதுகிறார்கள்: ஓராண்டு போதாது, நெறி முதலில் மாறும், மனம் பின்னால் வரும். வரலாம். ஆனால் வந்ததற்கான சான்றை இந்தப் பரிசோதனை தரவில்லை. இல்லாத விளைவை எதிர்காலக் கணக்கில் வரவு வைப்பது ஆய்வாகாது.

இரண்டாவது வாசிப்பு கூர்மையானது; அதனால் விரிவான மறுமொழி அதற்குத் தேவை. ருவாண்டா அரசு 1994க்குப் பின் ஒற்றுமை, நல்லிணக்கம் என்பவற்றை அரச கொள்கையாக்கியது; 2001இல் பாகுபாட்டுக்கும் பிரிவினைக்கும் எதிரான சட்டம், 2003இல் புதிய அரசமைப்பு, 2008இல் இனப்படுகொலைக் கருத்தியலுக்கு எதிரான சட்டம் என்று அது நீண்டது. அத்தகைய நாட்டில், அரசு வானொலியில், அரசின் குரலோடு ஒத்துப்போகும் நாடகத்தை ஓராண்டு கேட்டவர்கள் 'சரியான' விடையைக் கற்றுக்கொண்டார்கள்; நெறி மாறியது என்பது கீழ்ப்படிதலுக்கு வைத்த மரியாதையான பெயர். இவ்வாறு வாதிடுவோருக்குச் சாதகமாக ஒன்றை நானும் சேர்த்துச் சொல்வேன்: நம்பிக்கைக்கும் நெறிக்கும் இடையே பலக் இழுத்த கோடு வினாத்தாள் அளவில் மெல்லியது. 'நான் பேசாமல் இருக்க வேண்டும்' என்ற கூற்று ஊரின் நெறியையும் சொல்கிறது, சொல்பவரின் சொந்த நிலைப்பாட்டையும் சொல்கிறது. வினாத்தாளை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

ஆயினும் கீழ்ப்படிதல் வாசிப்பு இரண்டு இடங்களில் முறிகிறது. முதலாவது, நேயர்கள் கேள்வி கேட்பவரின் மனம் குளிரத்தான் விடை சொன்னார்கள் என்றால், நாடகம் நேரடியாகப் போதித்த செய்திகளையும் ஒப்பித்திருக்க வேண்டும். வன்முறையின் படிநிலைகளைப் பற்றிய 'சரியான' விடை என்ன என்பதை ஊகிப்பது கடினமன்று. அங்கேதான் விளைவு இல்லை. போதிக்கப்பட்டது ஒட்டவில்லை, கதைமாந்தர் நடந்துகாட்டியது ஒட்டியது என்ற இந்த ஏற்றத்தாழ்வை வெறும் முகமனாக விளக்க முடியாது. இரண்டாவது இடம் டேப்ரெக்கார்டர். அதிகாரத்துக்குப் பணிதலே கற்றுக்கொண்ட பாடம் என்றால் அந்தப் பெட்டி அதிகாரியின் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உடல்நலத் தொடர் கேட்ட குழுக்களில் அவ்வாறே நடந்தது. அவர்களும் அதே நாட்டில், அதே சட்டங்களின்கீழ், அதே அதிகாரிகளின் பார்வையில் வாழ்ந்தவர்கள். அச்சமும் பணிவும் இரு தரப்புக்கும் பொது. வேறுபட்டது கேட்ட நாடகம் மட்டுமே.

இதன் கனம் ருவாண்டாவின் வரலாற்றில் தெரியும். 1994இல் கொலைகாரர்களைத் திரட்டியதில் மேலிருந்து வந்த ஆணைக்குப் பணியும் பழக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்பது இன்றும் தீராத விவாதம். அதில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளலாம்: கூடியிருக்கும் 40 பேர் நடுவே, அதிகாரியிடம் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்ன பிறகு, 'வேண்டாம்' என்று சொல்வது அங்கே சாதாரணச் செயலன்று. நாடகத்திலும் இதுதான் நிகழ்ந்தது. ஊர் எல்லை கடந்து ஒன்றுசேர்ந்த இளைஞர்கள் வன்முறைக்கு அழைத்த செல்வாக்குள்ளவர்களை எதிர்த்துப் பேசினார்கள்.

எச்சரிக்கைகள் உண்டு. அலகுகள் குறைவு, குலுக்கல் ஊர்களுக்கு நடந்ததே தவிர மனிதர்களுக்கு நடக்கவில்லை என்பதால் புள்ளியியல் வலிமை, பங்கேற்றோரின் எண்ணிக்கை காட்டுவதைவிடச் சிறிது. ஒவ்வொரு குழுவிலும் இந்த முடிவெடுப்பு ஒரே ஒருமுறைதான் நிகழ்ந்தது. குறிப்பெடுத்தவர்கள் எந்தக் குழு எதைக் கேட்டது என்பதை அறிந்திருந்தால், அது அவர்களின் செவியைச் சாய்த்திருக்கவும் கூடும். இவை என் வாதத்தின் உறுதியைக் குறைக்கின்றன, திசையை மாற்றவில்லை. ஒரு டேப்ரெக்கார்டரில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு ஒரே விடை: பொதுச்சொத்தை யார் ஆள்வது என்பதைவிடப் பெரிய அரசியல் கேள்வி எந்த ஊரிலும் இல்லை.

3. சேர்ந்து கேட்பதும் சேர்ந்து பேசுவதும்

பரிசோதனையிடம் கேட்கக் கூடாத ஒரு கேள்வியை இங்கே பிரித்துவைக்க வேண்டும். சேர்ந்து கேட்டதால்தான் விளைவு வந்ததா? இரு தரப்பும் சேர்ந்தே கேட்டன. எனவே குழுவாகக் கேட்டதன் பங்கை ருவாண்டாத் தரவு தனியாகக் காட்டாது. குழுவே எல்லாம் என்று எழுதும் சிலர் இதைக் கவனிப்பதில்லை. வேறு சான்று வேண்டும்.

அது மெக்சிகோவிலிருந்து கிடைக்கிறது. ஓவாக்கா மாநிலத்தின் சான் பார்த்தொலோமே கியலானா என்ற ஊரில், பெண்கள்மீதான வன்முறையை எதிர்க்கும் ஒலித்தொடர் ஒன்றை எரிக் அரியாஸ் பரிசோதித்தார். ஒரு பகுதியினர் அதைக் குறுந்தகட்டில் தனியே கேட்டார்கள். மற்றவர்கள் பொதுவில், அதாவது ஊராரும் கேட்கிறார்கள் என்பதை அறிந்தபடி, கேட்டார்கள். தனியே கேட்டவர்களிடம் விளைவு இல்லை. பொதுவில் கேட்டவர்களிடம் வன்முறையை மறுக்கும் போக்கு கூடியது. 2019இல் வெளியான இந்த ஆய்வில் உள்ளடக்கம் மாறவில்லை, மாறியது கேட்கும் முறை மட்டும். 'நான் கேட்டேன்' என்பதோடு 'அவரும் கேட்டார், நான் கேட்டது அவருக்கும் தெரியும்' என்பது சேரும்போதுதான் நெறி அசைகிறது. இதைப் பொது அறிதல் என்று அழைக்கலாம்.

இந்திய வாசகருக்கு இது புதிதன்று. 1956இல் அகில இந்திய வானொலி யுனெஸ்கோவின் துணையோடு புனே வட்டாரத்தில் 150 ஊர்களில் உழவர் கேட்போர் மன்றங்களை நடத்தியது. மன்றம் இருந்த ஊர்களை, வானொலி மட்டும் இருந்த ஊர்களோடும் வானொலியே இல்லாத ஊர்களோடும் பால் நியூராத் ஒப்பிட்டார். மன்றம் கண்ட ஊர்கள் தெளிவாக முன்னே நின்றன. வேளாண்மைக்காக அன்று கண்டறியப்பட்டதைச் சமாதான ஆய்வுகள் அரை நூற்றாண்டு கழித்துத் தாமாகவே கண்டெடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் மக்களைக் கூட்டிவைத்துப் பேசவிட்டால் போதும் என்ற முடிவுக்குத் தாவத் தோன்றும். அந்தத் தாவலைத் தடுப்பதும் பலக்கின் ஆய்வுதான். கிழக்குக் கொங்கோவில் இன்னொரு வானொலி நாடகம் ஒலிபரப்பானது. சில வட்டாரங்களில் மட்டும் அதைத் தொடர்ந்து, நேயர்களைக் கலந்துரையாடத் தூண்டும் உரையாடல் நிகழ்ச்சி ஒன்றும் வந்தது. 2010இல் வெளியான முடிவு கசப்பானது. உரையாடல் நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் அதிகம் பேசினார்கள். அதே அளவில் சகிப்பின்மையும் மனக்குறையும் கூடின. தங்களுக்குப் பிடிக்காத சமூகத்தவருக்கு உப்பு கொடுத்துதவுவதற்கு அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்வந்தார்கள். போர் ஓயாத வட்டாரத்தில் பேச்சைத் திறந்துவிட்டபோது, முதலில் வெளிவந்தது பழைய புண்.

ருவாண்டாவையும் கொங்கோவையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று தெளிவாகிறது. பேச்சின் அளவு கணக்கல்ல. எதைப் பற்றி, எந்த முன்மாதிரியோடு, எந்த முடிவை நோக்கிப் பேசுகிறார்கள் என்பதே கணக்கு. கொங்கோ நேயர்களிடம் தங்கள் குறையைப் பேசும்படி சொல்லப்பட்டது. ருவாண்டாக் குழுக்களின் முன்னே முடிவெடுத்தே தீர வேண்டிய ஒரு பொதுச்சொத்து இருந்தது. அங்கே மாறுபட்டுப் பேசுவதற்கு ஒரு வேலை இருந்தது. பேசி முடித்ததும் ஓர் ஏற்பாடு மிஞ்சியது. இரண்டு நாடுகளின் போர்ச்சூழலும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை நிரூபணமாக முன்வைக்க மாட்டேன். ஆனால் வேறெந்த விளக்கமும் இரு முடிவுகளையும் ஒருங்கே தாங்குவதாகத் தெரியவில்லை.

4. வருமான வாதம்

வேலையும் வருமானமும் சமாதானம் தரும் என்ற வாதத்துக்கு ருவாண்டாவே மிகக் கொடிய எதிர்ச்சான்று. 1994 கொலைகளுக்குத் துணைபோன ஆர்.டி.எல்.எம். வானொலி அரசு நிறுவனமன்று. பங்குகள் விற்று முதல் திரட்டிய தனியார் நிறுவனம். அதன் முன்னெடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் நாட்டின் பெருவணிகர்களில் ஒருவரான ஃபெலிசியன் கபுகா. 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கிய அது, அரசு வானொலியின் விறைப்பான நடைக்கு மாறாகத் துள்ளலான இசை, தெருப்பேச்சு, வேடிக்கை என்று இளைஞர்களைக் கவர்ந்தது. இன்றைய அளவுகோல்களில் எதை எடுத்தாலும், தனியார் முதல், புதிய நடை, இளம் நேயர், உள்ளூர்த் திறமை, அது தேர்ச்சி பெற்ற படைப்புத் தொழில். அதே வானொலி கொலைக்கு ஆட்களின் பெயர்களை வாசித்தது. பாடகர் சிமோன் பிக்கிந்தியின் பாடல்கள் அங்கே ஓயாது ஒலித்தன. 2008இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் அவருக்கு 15 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் குற்றமாகத் தீர்ப்பானது பாடல்கள் அல்ல, 1994 ஜூனில் ஊர்தியிலிருந்து ஒலிபெருக்கி வழியே அவர் விடுத்த அழைப்பு.

அந்த வானொலியின் விளைவு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. டேவிட் யானகிசாவா-டிராட் 2014இல், அலை எட்டிய ஊர்களையும் எட்டாத ஊர்களையும் ஒப்பிட்டு, வன்முறையில் பங்கேற்றோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரின் பங்கேற்புக்கு அது காரணம் என்று மதிப்பிட்டார். சிறையிலிருந்த கொலையாளிகளிடம் நேர்கண்ட ஸ்காட் ஸ்ட்ராஸ், பலரையும் இழுத்தது வானொலியைவிட நேரில் வந்து அழைத்தவர்களே என்று 2007இல் எழுதினார். என் வாதத்துக்கு இவர்களில் யார் சரி என்பது முடிவாக வேண்டியதில்லை. முன்னவரின் கணக்கில், ஓர் ஊரில் அலை எட்டியது அண்டை ஊர்களின் ஆயுதக்குழு வன்முறையையும் கூட்டியது. பின்னவரின் சாட்சிகளில், பக்கத்துவீட்டார் என்ன செய்கிறார் என்பதே தள்ளுவிசை. ஒலிபரப்பு தனிமனிதரின் காதில் முடிவதில்லை, ஊரின் கணிப்பில் முடிகிறது என்பதில் இருவரும் சந்திக்கிறார்கள். பொது அறிதல் கொலைக்கும் உதவும். அதனால்தான் 'படைப்பாற்றல்' என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு தொழிலைச் சமாதானத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

'முசெகெவெயா' கொடையாளர் பணத்தில் ஓடியது; அது சந்தை இல்லை, எனவே பொருளாதாரமே இல்லை என்பார்கள் சிலர். எழுத்தாளருக்கும் நடிகருக்கும் கூலி தருவது, கருவியை யார் வைத்திருப்பது, பதிவை யார் ஆள்வது என்பவை பொருளாதாரம் இல்லையென்றால் வேறெது என்பது எனக்குப் புரியவில்லை.

5. இணையத் தளங்களில் என்ன ஆகிறது

இந்த வாசிப்பு சரியென்றால், சமாதானத்துக்கு உதவும் படைப்புக்கு மூன்று நிபந்தனைகள். நேயர்கள் ஒருவர் கேட்பதை மற்றவர் அறிந்து கேட்க வேண்டும். படைப்பைச் சார்ந்த ஏதேனும் ஒன்று, கருவியோ பதிவோ வருவாயோ, அவர்கள் கூட்டாக ஆளும்படி இருக்க வேண்டும். அதை ஆள்வதில் முகம்பார்த்து மாறுபடவும் மாறுபட்டபின் சேர்ந்திருக்கவும் படைப்பே முன்மாதிரி காட்ட வேண்டும்.

இன்றைய இணையத் தளங்கள் மூன்றிலும் எதிர்த்திசையில் இயங்குகின்றன. ஒவ்வொருவர் கைபேசிக்கும் ஒவ்வொரு வரிசை. பக்கத்துவீட்டார் எதைப் பார்த்தார் என்பதை நான் அறிய வழியில்லை. உடைமை தளத்தினுடையது, படைப்பவருக்குக் கிடைக்கும் பங்கையும் தளமே தீர்மானிக்கும். மாறுபாடு பார்வை நேரமாகவும் விளம்பரமாகவும் விற்பனையாகிறது. தீர்ந்துவிட்டால் விற்க ஒன்றுமில்லை. மியன்மாரில் ரொஹிங்யா மக்களுக்கு எதிரான வெறுப்பு பரவியதில் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று ஃபேஸ்புக் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. அதை ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவாக மட்டும் பார்த்தால் அமைப்பின் தர்க்கம் கண்ணில் படாது.

தளத்தைவிட்டு விலகுவதே வழி என்று இங்கே முடித்துவிட்டால் வாதம் அழகாக இருக்கும். பொஸ்னியத் தரவு அதற்கு இடம்தரவில்லை. ஸ்ரெப்ரெனிகா இனப்படுகொலையின் நினைவு நாளான ஜூலை 11ஐ ஒட்டி, 2019இல் ஓர் ஆய்வுக் குழு பயனாளர்கள் சிலரைத் தம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைக்கச் செய்தது. கணக்கை முடக்கியவர்களிடம் மற்ற இனத்தவர்மீதான மதிப்பு, தளத்தில் தொடர்ந்து இருந்தவர்களைவிடக் குறைந்தே காணப்பட்டது. தன் இனத்தவர் மட்டுமே வாழும் இடங்களில் இருந்தவர்களைப் பொறுத்தே இது பெரிதும் அமைந்தது. ஊரே ஒரே இனமாகிவிட்ட இடத்தில், திரை வழியாக வரும் அயலார் முகமே எஞ்சிய முகம். தளம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இதனால் விடை கிடைக்காது. அது எந்த ஊருக்குள் இறங்குகிறது என்பதற்கே விடை உண்டு. இந்த முடிவு என் மூன்று நிபந்தனைகளைக் கவிழ்க்கவில்லை. முதல் நிபந்தனையில் 'நேயர்கள்' யார் என்பதைக் கறாராகக் கேட்க வைக்கிறது: ஒரே தரப்பினர் சேர்ந்து கேட்பதும் சேர்ந்து கேட்பதுதான், ஆனால் அதில் உருவாகும் பொது அறிதல் எப்பக்கமும் சாயலாம்.

ருவாண்டாவிலும் குழுக்கள் இன வாரியாகக் கலந்தவை என்று எல்லா இடத்துக்கும் சொல்ல முடியாது. தப்பியோர் குடியிருப்புகளும் ட்வா குடியிருப்புகளும் தம்மளவில் தனித்தவை. இங்கே என் விளக்கம் இன்னும் சோதிக்கப்பட வேண்டும். கலந்த குழுவும் கலவாத குழுவும், கூட்டுடைமை உள்ளதும் இல்லாததும் என்று நான்கு வகையாகப் பிரித்து ஒரே நாடகத்தைச் சோதித்தால் இது தெளிவாகும். செலவு அதிகம் ஆகாது. ஏற்கெனவே செலவாகும் பணத்தின் ஒரு துளி.

6. நிதியளிப்போருக்கும் மதிப்பிடுவோருக்கும்

சமாதானத்துக்கான படைப்புத் திட்டங்களை மதிப்பிடும் படிவங்களில் இரண்டு வகைக் கேள்விகள் நிறைந்திருக்கின்றன: எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேரின் மனப்பாங்கு மாறியது. முதலாவது ஆர்.டி.எல்.எம். போன்ற ஒன்றையும் தேர்ச்சி பெறவைக்கும். இரண்டாவது 'முசெகெவெயா'வையே தோல்வியாகக் காட்டும், நம்பிக்கைகள் மாறவில்லையே. ஒரு படிவம் கொலை வானொலியை ஏற்று, நெடுங்காலமாக நாம் சான்று காட்டிவரும் நாடகத்தைத் தள்ளுமானால் பிழை படிவத்தினுடையது.

அவற்றின் இடத்தில் மூன்று கேள்விகளை முன்மொழிகிறேன். படைப்பை யார் யாரோடு சேர்ந்து நுகர்கிறார்கள், அதை ஒருவருக்கொருவர் அறிவார்களா? திட்டம் முடிந்தபின் கருவியும் பதிவும் வருவாயும் எவர் கையில், அதை முடிவுசெய்தவர் யார்? அந்த முடிவின்போது வலியவர் சொன்னதற்கு மாறாக ஒருவராவது பேசினாரா, பேசியவருக்குப் பிறகு என்ன ஆயிற்று? இவற்றுக்கு மனப்பாங்கு வினாத்தாள் தேவையில்லை. ஒரு கூட்டத்தின் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தெரிந்த ஒருவர் போதும். இணையத் திட்டங்களுக்கும் இவை பொருந்தும். ஒரு வட்டாரத்தின் இசைக்குழுக்களுக்குத் தனித்தனிச் சேனல் தொடங்கிக்கொடுப்பதும், அவர்களே வருவாயைப் பகிரும் கூட்டுறவுச் சேனல் ஒன்றைத் தொடங்குவதும் செலவில் ஒன்றாக இருக்கலாம். சமாதானத்தின் கணக்கில் ஒன்றல்ல.

கூட்டுடைமை எளிதில் ஓர் உள்ளூர்ப் பெரியவரின் உடைமையாகிவிடும் என்ற எதிர்ப்பு வரும். ஆகும். உடல்நலத் தொடர் கேட்ட குழுக்களில் நடந்தது அதுதான். கூட்டுடைமையைத் தந்துவிட்டு ஒதுங்கினால் அது அதிகாரியிடம் போகும் என்பதும், மறுத்துப் பேசும் வழக்கத்தைக் கதை முன்கூட்டியே பழக்கியிருந்தால் போகாமல் நிற்க வாய்ப்புண்டு என்பதும் அந்த ஒரே பரிசோதனையின் இரு பாதிகள். உடைமை ஏற்பாட்டை வடிவமைப்பவர்களும் கதை எழுதுபவர்களும் இன்று வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு நிதித் தலைப்புகளின்கீழ் வேலை செய்கிறார்கள். முதலில் மாற வேண்டியது இந்தப் பிரிவினை.